ரோஸ் கலர் கோழிக்குஞ்சு

"மிஸ், கொஞ்சம் கையை நீட்டுங்க" என்றாள் நஸ்ரீன்.

நீட்டினேன். உள்ளங்கையில் ஏதோ இளஞ்சூடாக வந்து உட்கார்ந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தால், ரோஸ் கலரில் ஒரு கோழிக்குஞ்சு. கோயில் கடைகளில் விற்கும் பஞ்சுமிட்டாயின் அதே ரோஸ். அதன் நெஞ்சு என் விரலில் படபடவென்று அடித்தது. கையில் லேசாகச் சாயமும் ஒட்டியது.

மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். மந்தைவெளியில் எங்கள் தெருவில் மூன்று சக்கர வண்டி ஒன்று நின்றது. அதில் அட்டைப்பெட்டிகள். ஒரு ஒலிபெருக்கி "கலர் கலர் கோழிக்குஞ்சு" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் பச்சை, மஞ்சள், ஊதா, ரோஸ் என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எல்லாம் ஒரே குரலில் கத்தின.

நஸ்ரீன் என் பழைய மாணவி. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு டீச்சராக விசில் ஊதிய காலத்தில், உயரம் தாண்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இப்போது எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கிறாள். கணவருக்கு தி.நகரில் பட்டன், லேஸ் விற்கும் கடை. அவள் குடியிருப்பவள், நான் வீட்டுக்காரி என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வேலை வாங்குவது அவள், வாங்கப்படுவது நான்.

"முட்டை போடும்னு சொன்னான் மிஸ். நாலு மாசத்துல வீட்டு முட்டை" என்றாள்.

ஊரடங்குக் காலத்தில் மாடித்தோட்டம் போட்டவர்கள் எல்லாரும் அடுத்த கட்டமாகக் கோழிக்கு வந்திருந்த சமயம் அது. எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு துண்டு நிலம் உண்டு. கிணறு, முருங்கை மரம், துவைக்கிற கல். கோழிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள். ஒரு சின்னக் கூடை நிறைய வாங்கினாள். ரோஸுக்கு அங்கேயே ரோஸி என்று பெயரும் வைத்தாள்.

மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னது இது, ஆத்துல கோழியா?"

எங்காத்துக்காரர்.

கேட்காதவரை சைவம்

இவரைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே நிறைய வம்பு எழுதியிருக்கிறேன். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பரம சாது, பரம சைவம். ஆனால் அந்தச் சைவத்துக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு.

டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸுக்குச் சாந்தோமில் உள்ள அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் வீட்டில் இருந்து பிளம் கேக் வரும். எவர்சில்வர் டப்பாவில், பட்டர் பேப்பர் சுற்றி, மூடியைத் திறந்ததுமே கூடம் முழுக்க வாசனை. இவர் ஒரு துண்டு எடுத்துக்கொள்வார். பிறகு இன்னொரு துண்டு. பிறகு, "இது உடையறதே" என்று மூன்றாவதையும் முடித்து வைப்பார்.

கல்யாணமான புதிதில் நான் ஒரு தடவை வாயைத் திறந்தேன். இதில் முட்டை இருக்குமே என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நீ கேட்டியோ? நான் கேட்டேனோ? கேக்காத வரைக்கும் அது சைவம்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எதிர்த்துப் பேச எனக்கும் யோக்கியதை இல்லை. விளையாட்டுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போகிற கேம்ப்பில் அவித்த முட்டையை ரசித்துச் சாப்பிட்டவள் நான். அது அவருக்கும் தெரியும். அதையும் அவர் கேட்டதில்லை.

இப்படித்தான் எங்கள் குடும்பம் சமாதானமாக ஓடியது. மயிலாப்பூர்ப் பக்கம் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன என்று நினைக்கிறேன்.

கொலுப் பெட்டியிலிருந்து ஒரு பல்பு

முதல் காலையிலேயே பச்சைக் குஞ்சு செத்துக் கிடந்தது. அதன் மேலேயே சாய்ந்து ஊதாவும்.

நஸ்ரீன் ஒன்றும் அலட்சியமாக இருக்கவில்லை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கூடைக்கு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, ராத்திரி முழுக்க எரியவிட்டிருந்தாள். வெளிச்சம் பளிச்சென்றுதான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

எல்.இ.டி. பல்பு. கரண்ட் பில் குறைய வேண்டும் என்று ஊரே மாற்றிக்கொண்ட பல்பு. அதில் சூடு வராது என்று நமக்குத் தெரியும். ஆனால் பல்பு என்றால் சூடு என்று நம் கை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

என்னோடு காலையில் லஸ் பக்கத்துப் பார்க்கில் நடக்கிற விமலா கால்நடை டாக்டர். அவளுக்குப் போன் போட்டேன். என் பேச்சை முழுதாகக் கேட்காமல் அவளே மளமளவென்று சொன்னாள். குண்டு பல்பு வேண்டும். கூடை அடியில் செய்தித்தாள் வழுக்கும், சாக்குத் துணி போட வேண்டும். தண்ணீரை அகலக் கிண்ணத்தில் வைத்தால் விழுந்து நனையும், மூடியில் வைக்க வேண்டும். சாயத்தைப் போக்குகிறேன் என்று குளிப்பாட்டவே கூடாது.

கடைசியில் சொன்னது சரியான நேரத்துக்கு வந்தது. நஸ்ரீன் அப்போதுதான் வெந்நீர் வைத்திருந்தாள்.

இப்போது குண்டு பல்புக்கு எங்கே போவது? மந்தைவெளி மார்க்கெட்டில் எல்லா எலெக்ட்ரிகல் கடையிலும் கேட்டேன். ஒரு கடைக்காரர் என்னை ஏதோ கிராமபோன் தட்டு கேட்டவளைப் போலப் பார்த்தார். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோதுதான் பரண் ஞாபகம் வந்தது. பரணில் கொலுப் பெட்டி. பெட்டியில் செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் நடுவே, பழைய நாளில் கொலுப்படிக்கு மேலே போடுகிற குண்டு பல்பு, வேட்டித் துணியில் சுற்றி, பத்திரமாக இருந்தது.

"அது அம்பாளுக்குப் போடற பல்பு" என்றார் இவர்.

"அம்பாளுக்குக் குளிராது" என்றேன். எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டேன்.

அப்படியும் எல்லாம் பிழைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தொங்கப்போட்டது. கண்ணை மூடி மூடித் திறந்தது. முருங்கை மரத்தடியில் நஸ்ரீன் குழி தோண்ட, நான் பக்கத்தில் நின்றேன். மண்ணைத் தள்ளிவிட்டு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரியாணி செய்கிற கைதான் அது, பக்ரீதுக்கு ஊரையே கூப்பிட்டு விருந்து போடுகிறவள்தான். அதற்காகத் தன் கூடையில் ஒரு குஞ்சு குளிரில் விறைத்துச் சாவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மிஞ்சியது ரோஸி மட்டும். பல்புக்கு நேர் கீழே, சாக்கு மேல், தலையைத் தன் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கியது.

அண்ணன் தம்பிகள்

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். இந்தக் குஞ்சுகளுக்கு மிதிப்பதற்குக்கூட ஒரு தாய்க்கோழி கிடையாது. மெஷினில் பொரித்து, பெட்டியில் அடுக்கி, சாயத் தண்ணீரில் முக்கி, வெயிலில் உலர்த்தித் தெருவுக்கு வருகின்றன. கலர் எதற்கு? குழந்தைகள் பொம்மை என்று நினைத்து அடம் பிடிப்பதற்கு. சில பெரியவர்களும்தான்.

இந்த விவரத்தை விமலா பார்க்கில் நடந்துகொண்டே சொன்னாள். முட்டைக்கென்று வளர்க்கிற கோழி இனத்தில் பெட்டைக்குத்தான் மதிப்பு. சேவல் முட்டை போடாது. கறிக்கும் அந்த இனம் லாயக்கில்லை, தீனி தின்னும், சதை பிடிக்காது. அதனால் பொரித்த அன்றே பிரித்துவிடுவார்கள். பெட்டைகள் பண்ணைக்கு. சேவல்களை அங்கேயே தீர்த்துவிடுவதும் உண்டு, மூட்டையாக யாருக்காவது கொடுத்துவிடுவதும் உண்டு. அப்படி வருகிறவைதான் கலர் குஞ்சுகள்.

"நாம சாப்பிடற முட்டையைப் போட்ட கோழியோட அண்ணன் தம்பிங்கதான் இதெல்லாம்" என்றாள்.

எனக்கு நடக்கத் தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இதை இவரிடமும் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்றார்.

அடுத்த முறை அந்த வண்டி தெருவுக்குள் வந்தபோது, விட்டேனா பார் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நல்ல வெயில். பெட்டிகள் திறந்தே இருந்தன. மூடி போட்டு நிழல் பண்ணக்கூடாதா, எல்லாம் சேவல் என்று சொல்லி விற்கக்கூடாதா என்று மைதானத்துக் குரலில் கேட்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

வண்டிக்காரருக்கு நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். அடையாறு ஆற்றங்கரையில் இருந்த வீட்டை எடுத்துவிட்டு அவர் குடும்பத்தைப் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். விடியுமுன் பஸ் பிடித்து வருகிறவர். என்னோடு சண்டை போடவில்லை. தலைத்துண்டை எடுத்துப் பெட்டி மேல் விரித்தார்.

"நான் இன்னா பண்ணட்டும் சொல்லு மேடம். பொட்டையா சேவலான்னு பாத்தா குடுக்கறாங்கோ? பொட்டியோட தூக்கிக் குடுக்கறாங்கோ. நான் எடுத்துனு வர்லன்னா அங்கியே முடிச்சிருவாங்கோ. இங்கனா நாலு நாள் வெயில பாத்துட்டுப் போவுது" என்றார். துண்டின் நுனியை இழுத்துவிட்டு, "அதுங்க சாவறத பாக்க எனக்கு மட்டும் நல்லாவா கீது?" என்றார்.

என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. பண்ணைக்காரனைத் திட்டலாம். அவன் நம் முட்டைக்காகத்தான் செய்கிறான். வண்டிக்காரரைத் திட்டலாம். அவர் துண்டு இப்போது பெட்டி மேல் இருந்தது, தலை வெயிலில் இருந்தது. நான் உள்ளே போய் ஒரு பழைய போர்வையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த வண்டியில் போர்வை உண்டு. நஸ்ரீனும் சும்மா இருக்கவில்லை. வாங்க வருகிற பெண்களிடமெல்லாம், எல்லாம் சேவல்தான், குண்டு பல்பு இல்லாமல் வாங்காதீர்கள் என்று சொல்லி, அவர் வியாபாரத்தைப் பாதியாக்கினாள். அதற்கும் அவர் அவளிடம் சண்டைக்கு வரவில்லை.

ரோஸி கூவியது

ரோஸ் உதிர்ந்து வெள்ளை வந்தது. வெள்ளைக்கு மேலே சிவப்பாகக் கொண்டை வந்தது. கிணற்றடியில் நான் போய் நின்றால் ஓடி வந்து என் செருப்பைக் கொத்தும். நஸ்ரீன் துணி துவைத்தால் கல்லின் மேல் ஏறி நிற்கும். இவர் மட்டும் பால்கனியிலிருந்து பார்ப்பதோடு சரி. ஆனால் அரிசி களைகிற நேரத்தில், "நொய் இருந்தா கீழே போடேன், எறும்பு திங்கட்டும்" என்பார்.

சேவல் என்று எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தாலும் முதல் தடவை அது கூவியபோது எல்லோரும் எழுந்துவிட்டோம். விடியலுக்கு வெகு முன்னால், தெரு அடங்கியிருந்த நேரத்தில், கொக்கரக்கோ. அடுத்து எதிர் ஃப்ளாட்டில் கைக்குழந்தை வீறிட்டது.

இரண்டு வாரம் இப்படிப் போனது. அந்தக் குழந்தையின் அம்மா வந்தாள். தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கண்ணைச் சுற்றிக் கருவளையம். சண்டைக்கு வந்திருந்தால் நானும் விசிலை எடுத்திருப்பேன். அவள் வாசலில் நின்றபடியே அழுதுவிட்டாள். குழந்தை தூங்குகிற அந்த ஒரு மணி நேரம்தான் ஆன்ட்டி எனக்கும் தூக்கம் என்றாள்.

ரோஸி போயாக வேண்டும். எங்கே?

நஸ்ரீனின் கணவர் மார்க்கெட் கறிக்கடையைச் சொன்னார். நஸ்ரீன் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. "பேர் வெச்சுக் கூப்ட்டதை அறுப்பாங்களா?" என்றாள். விமலா தனக்குத் தெரிந்த காப்பகங்களில் விசாரித்தாள். பெட்டை என்றால் கொண்டு வாருங்கள் என்றார்கள். சேவல் என்றதும் இடமில்லை என்றார்கள்.

அப்போதுதான் இவர் திருவாய் மலர்ந்தார்.

"முருகனுக்கு நேர்ந்து விட்டுடலாம்."

தன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஏதாவது செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். அது பாக்கி இருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"கோயில்ல நல்லாப் பாத்துப்பாங்களா சார்?" என்று நஸ்ரீன் கேட்டாள்.

"முருகனோட கொடியிலேயே சேவல்தாம்மா. அவன் பாத்துக்காம வேற யார் பாத்துப்பா?" என்றார்.

சொன்னபோது அவர் குரலில் பொய் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். கோயில் பிரகாரத்தில் ரோஸி நொய் பொறுக்கிக்கொண்டு கிழப்பருவம் வரை வாழ்வதாக அவர் மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. சேவலை நேர்ந்து விட்டவர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாரிடமும் கேட்டதும் கிடையாது.

தொன்னை பிடித்த கை

எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பல கோயில்களில் உள்ள வழக்கம்தான்.

கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். கிளம்பும்போது நஸ்ரீன் ரோஸியின் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். கோயிலில் காணிக்கையாக வாங்கிக்கொண்டார்கள். காலில் கயிறு கட்டி, மண்டபத்து மூலையில் இருந்த மற்றச் சேவல்களோடு விட்டார்கள். இவருக்கு மகா திருப்தி. பார்த்தியா, துணைக்கு ஆள் இருக்கு என்றார்.

கூட்டம் அதிகம். தரிசனம் முடித்து, தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு வெளியே வந்தபோது, மண்டபத்தில் யாரோ சத்தமாக விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோயில் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு சேவலாகத் தூக்கிக் காட்ட, நாலைந்து பேர் ஏலம் கேட்டார்கள். எல்லோரும் வாடிக்கைக்காரர்கள் என்று நின்ற விதத்திலேயே தெரிந்தது. லுங்கி கட்டிய ஒருவரின் சைக்கிள் ஹாண்டில்பாரில், ஏலம் எடுத்த சேவல்கள் தலைகீழாகத் தொங்கின.

இவர் அவரிடம் போனார்.

"இதையெல்லாம் எதுக்கு எடுக்கறேள்?"

அந்த ஆள் இவருடைய விபூதியையும் தொன்னையையும் பார்த்தார். கேலி செய்கிறாரோ என்று சந்தேகம்.

"இன்னா சாமி கேள்வி இது? கொழம்புக்குத்தான்" என்றார்.

இவர் வாயில் இருந்த பொங்கலை விழுங்கவில்லை. அந்த நேரம் ஊழியர் ரோஸியைத் தூக்கினார். கால் கட்டியிருந்ததால் அது றெக்கையை அடித்துக்கொண்டது. கழுத்தை நீட்டிச் சுற்றும் முற்றும் பார்த்தது. எங்களைத்தான் தேடியது என்று நான் சொன்னால் விமலா சிரிப்பாள். சிரிக்கட்டும். எங்களைத்தான் தேடியது.

லுங்கிக்காரர் ஒரு விலை சொன்னார்.

எங்காத்துக்காரர் கையைத் தூக்கினார். தொன்னை பிடித்த கையை. பொங்கல் நெய் முழங்கை வரை வழிந்தது. வாழ்நாளில் காய்கறிக்காரியிடம்கூடப் பேரம் பேசாதவர், அதற்கு மேல் ஒரு விலை சொன்னார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். லுங்கிக்காரர் ஏற்றினார். இவர் இன்னும் ஏற்றினார். அந்த ஆள் நல்லவர்தான், பக்கத்தில் வந்து மெதுவாகப் புத்தி சொன்னார். "சாமி, உட்டுரு. அது லேயர் சேவலு, முட்டைக்கோழி ஜாதி. கறியே இருக்காது, எலும்புதான்."

"தெரியும்" என்றார் இவர். "அது எங்காத்துச் சேவல்."

லுங்கிக்காரர் கையை விரித்துக் காட்டி ஒதுங்கிக்கொண்டார்.

சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால் பாவமாயிற்றே என்று இவருக்கு உடனே அடுத்த கவலை. ஊழியர் தேற்றினார். பணம் உண்டியலுக்குப் போய்விட்டது, முருகனுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, எடுத்துப் போங்கள் என்றார்.

ஆட்டோவில் ரோஸி இவர் மடியில் இருந்தது. கோழியைத் தொட்டாலே தலை முழுகுகிற மனிதர், வேஷ்டியெல்லாம் எச்சமாகி உட்கார்ந்திருந்தார். பாதி வழியில், "மத்ததெல்லாம்?" என்று கேட்டார். அந்தச் சைக்கிளில் தொங்கியவற்றை. நான் காலிக் கூடையைக் காலடியில் தள்ளினேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

நஸ்ரீன் வாசலுக்கு ஓடி வந்தாள். ரோஸியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

"முருகன் திருப்பி அனுப்பிட்டாரா சார்?"

"ஆமாம்மா. நீயே வெச்சுக்கோன்னுட்டான்" என்றார்.

கேட்டது

எதிர் ஃப்ளாட்டுக் குழந்தைக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி இதுதான். வெளிச்சம் தெரியாத இடத்தில் அடைத்துவைத்தால் கூவுவது குறையும், கூவினாலும் வெளியே கேட்காது என்றாள் விமலா. வீட்டில் அப்படி ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மாடியில், நாங்கள் புழங்காத பின்பக்கத்துப் பாத்ரூம். ஜன்னலுக்குக் கொலுப்படி விரிக்கிற கெட்டித் துணியை இரண்டாக மடித்து ஆணி அடித்தோம்.

பொழுது சாய்ந்ததும் இவரே கீழே போய் ரோஸியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறுவார். காலையில் எதிர் வீட்டுக் குழந்தை எழுந்து, அம்மா இடுப்பில் பால்கனிக்கு வந்த பிறகு இறக்கிவிடுவார். ஆத்துல கோழியா என்று கேட்ட மனிதருக்கு ஆத்துக்குள்ளேயே கோழி.

அந்த டிசம்பரிலும் சாந்தோமிலிருந்து டப்பா வந்தது. சாயங்கால நேரம், ரோஸியைப் பாத்ரூமில் விட்டுவிட்டு, கை கால் கழுவி வந்து உட்கார்ந்தார். மூடியைத் திறந்தேன். வாசனை எழும்பியது. ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"இதுல முட்டை உண்டோ?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம் என்றேன்.

துண்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பாத்ரூமுக்குள் ரோஸி இடம் மாறி உட்காருகிற சத்தம் கேட்டது. இவர் கேக்கை டப்பாவிலேயே வைத்தார். பட்டர் பேப்பரை நாலு பக்கமும் ஒழுங்காக மடித்து, மூடியைப் போட்டு அழுத்தினார்.

"ஒரு துண்டுதானே" என்றேன், மனசு கேட்காமல்.

"கேட்டுட்டேனே" என்றார்.